பெலூமா, போராவா? மாமியார், இரண்டு பிள்ளைகளோடு எந்தக் குகைக்குப் போவது?

அம்பத்தூர்_சுதா:

எல்லோருக்கும் வணக்கம். ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறையோடு வீட்டுக்காரர் இன்னும் இரண்டு நாள் லீவு சேர்த்துப் போட்டிருக்கிறார். இந்த முறை ஊட்டி, கொடைக்கானல் வேண்டாம், ஆந்திராவில் சுண்ணாம்புக் குகை பார்க்கலாம் என்று முடிவு. காரணம் என் மகன். ஒன்பதாம் வகுப்பு. புவியியல் பாடத்தில் குகைக் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுது, தரையிலிருந்து எழும் கல்முளை என்று படித்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வெள்ளையாகக் குச்சி குச்சியாகத் தொங்குமே, அதைக் காட்டி "இதுவும் கல்விழுதுதான்" என்கிறான். அதை யாரும் தட்டிச் சுத்தம் செய்யக் கூடாதாம்.

தேடிப் பார்த்ததில் இரண்டு பெயர் வந்து நிற்கிறது. நந்தியால் மாவட்டத்தில் பெலூம். விசாகப்பட்டினத்துக்கு மேலே, அரக்கு போகும் வழியில் போரா. படங்களை வைத்து ஒன்றும் புரியவில்லை. இரண்டிலும் சிவப்பு, பச்சை விளக்கு போட்டு எடுத்த படங்கள்தான் இருக்கின்றன.

எங்கள் நிலவரம் இது. மகளுக்கு 5 வயது, கொஞ்ச தூரம் நடந்ததும் தூக்கச் சொல்வாள். மாமியாருக்கு 68. முட்டி வலி உண்டு, ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் "நான் ஓட்டலிலேயே இருக்கிறேன்" என்று சொல்கிற ஆள் இல்லை. அவருக்கு ரொம்ப நாளாக அகோபிலம் போக ஆசை. வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டப் பிடிக்கும்.

இரண்டையும் பார்க்க முடியுமா? ஒன்றுதான் என்றால் எது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

விசாகை_மீரா:

சுதா, யோசிக்கவே வேண்டாம், போரா. நான் கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து சென்னையிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் அங்கேதான் அழைத்துப் போகிறேன்.

குகைக்கு முன்னால் ரயிலைச் சொல்ல வேண்டும். விசாகப்பட்டினத்தில் காலையில் கிளம்பும் கிரந்துல் ரயிலில் ஏறினால் கிழக்குத் தொடர்ச்சி மலைக்குள் வளைந்து வளைந்து போகும். ஐம்பதுக்கும் மேல் சுரங்கப்பாதைகள். ஒவ்வொன்றிலும் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் கத்துவார்கள், உங்கள் மகளும் கத்துவாள். பைலாடிலா இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1960களில் ஜப்பான் உதவியோடு போட்ட பாதை இது. இப்போது கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டியும் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு விடுமுறை நாளில் இடம் கிடைப்பது கஷ்டம், இன்றைக்கே பாருங்கள். போரா குஹலு என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, அங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

குகை வாயே ஒரு பெரிய கோயில் கோபுரம் நுழைகிற அளவுக்கு இருக்கும். உள்ளே படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி, குளிர்ந்த காற்று. கூரையில் ஒரு ஓட்டை இருக்கிறது. மேலே மேய்ந்த பசு அதன் வழியாக உள்ளே விழுந்ததாகவும், தேடி வந்தவர் சிவலிங்கத்தைக் கண்டதாகவும் கதை. உங்கள் மாமியாருக்குப் பிடிக்கும். கோஸ்தனி ஆறு அங்கிருந்துதான் வருகிறது, பீமிலி பக்கம் கடலில் சேரும்.

குரங்குகள் மட்டும் ஜாக்கிரதை. கையில் பிஸ்கட் பாக்கெட் தெரிந்தால் போச்சு. வெளியே மூங்கில் குழாய்க்குள் கறியை அடைத்து நெருப்பில் சுடும் போங்கு சிக்கன் விற்பார்கள், எண்ணெயே விடாமல் செய்வது. சைவம் என்றால் அரக்கு காப்பி குடியுங்கள்.

மூத்தவர்களுக்கு ஒரு விஷயம். முதலில் இறக்கம், திரும்பும்போது ஏற்றம். முதல் பெரிய கூடம் வரை இறங்கிவிட்டு அவர் உட்கார்ந்துகொள்ளட்டும். குகையின் அழகில் பாதி அங்கேயே கண்ணில் பட்டுவிடும்.

கோவை_பைக்கர்:

ரெண்டையுமே பண்ணலாமே! முதல்ல பெலூம், கண்டிக்கோட்டா கோட்டை, பள்ளத்தாக்கு, அப்படியே விஜயவாடா வழியா வைசாக். ரோடு சூப்பரா இருக்கு. நாங்க ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் அப்படித்தான் போனோம்.

அரியலூர்_குவாரிக்காரன்:

பைக்கர் தம்பி, நீங்கள் நாலு பேரும் இளவட்டம். பெலூமுக்கும் போராவுக்கும் நடுவே 700 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. முட்டி வலிக்கிற அம்மாவையும் 5 வயதுப் பிள்ளையையும் பின்சீட்டில் உட்கார வைத்து அந்தத் தூரம் ஓட்டினால் குகை ஞாபகம் இருக்காது, டோல்கேட்தான் ஞாபகம் இருக்கும். சுதாம்மா, இரண்டில் ஒன்றுதான்.

நான் கடப்பா மாவட்டத்தில் சிமெண்ட் ஆலைச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சுண்ணாம்புக்கல்லை வெடி வைத்து உடைத்துச் சம்பளம் வாங்கியவன் சுண்ணாம்புக் குகையைப் பாருங்கள் என்று சொல்வது வேடிக்கைதான். ஆனால் பெலூம் எங்கள் வேலை இடத்திலிருந்து பக்கம். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவது என் பொறுப்பாகவே ஆகிப்போனது. போராவுக்கும் குடும்பத்தோடு போயிருக்கிறேன்.

படத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். நேரில் இரண்டும் வேறு ஜாதி. போரா நின்று பார்க்கிற குகை, பெலூம் நடந்து போகிற குகை. இதை வைத்து முடிவு செய்யுங்கள்.

உங்கள் சமையலறையில் மேடைக்குக் கீழே, அலமாரித் தட்டாக, கறுப்பாகக் கடப்பா கல் போட்டிருப்பார்கள், இல்லையா? பெலூம் இருக்கிற வட்டாரத்தில் வெட்டி எடுப்பதுதான் அது. அதுவும் சுண்ணாம்புக்கல். எலுமிச்சம்பழம் பிழிந்து துடைக்காமல் விட்டால் அதில் வெளுத்துத் தடம் விழுந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். புளிப்பு கல்லைத் தின்றுவிட்டது. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கார்பன் டை ஆக்ஸைடை வாங்கிக்கொண்டு லேசாகப் புளிப்பாகிறது. லட்சக்கணக்கான வருடம் அந்தத் தண்ணீர் ஓடினால் தடத்துக்குப் பதிலாகக் குகையே விழும்.

பெலூமில் கல் தட்டுத் தட்டாக, ஏறக்குறைய படுக்கை வாட்டத்தில் கிடக்கிறது. ஒரு காலத்தில் அந்த வழிகள் முழுக்கத் தண்ணீர் நிறைந்து ஓடியிருக்கிறது. அதனால் சுவரெல்லாம் வழவழவென்று குழைந்து வளைந்து இருக்கும், தட்டுகளின் கோடுகள் வரிவரியாகத் தெரியும். கல்லைத் தண்ணீர் எப்படிச் செதுக்கும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் தென்னிந்தியாவில் நான் பார்த்ததில்லை. ஆனால் தொங்கும் கல் குறைவு. கோடிலிங்காலு என்ற இடத்தில் லிங்கம் லிங்கமாகக் கல்முளைகள் உண்டு, ஊடலமர்ரி என்ற இடத்தில் ஆலம் விழுது மாதிரி தொங்கும், ஆயிரம் படம் விரித்த நாகம் போல ஒரு கூரை உண்டு. மற்றபடி நடை, நடை, நடை. மொத்த நீளம் 3,229 மீட்டர். நமக்கு விட்டிருப்பது ஒன்றரை கிலோமீட்டர்.

போராவில் மேலே காடு, நல்ல மழை. காட்டு மண்ணில் அந்தக் கார்பன் டை ஆக்ஸைடும் அதிகம். தண்ணீர் கரைத்துக்கொண்டு இறங்கும், குகைக் காற்றில் வாயுவை விட்டுவிட்டுச் சுண்ணாம்பைச் சொட்டுச் சொட்டாக வைத்துவிட்டுப் போகும். அதனால் அங்கே விழுதும் முளையும் தூணுமாகக் கொட்டிக் கிடக்கிறது. பெலூம் பக்கம் வறண்ட பூமி, மேலே கரிசல் காடு, கொண்டைக்கடலை போடுவார்கள். அங்கே சொட்டு குறைவு.

உங்கள் பையனிடம் கேளுங்கள். அவன் பார்க்க நினைப்பது விழுதும் முளையும்தான் என்றால் மீரா அம்மா சொல்வதுதான் சரி, போராவுக்குப் போங்கள். பெலூமுக்கு அழைத்துப் போனால் பாதி வழியில் "எங்கேம்மா தொங்குது?" என்பான். பூமிக்கு அடியில் சந்துக்குள் சந்தாகப் போக வேண்டும் என்றால் பெலூம். போராவில் அது கிடைக்காது, அது பெரிய கூடம்.

அப்புறம் வெப்பம். குகை என்றால் ஜில்லென்று இருக்கும் என்று நினைத்துப் பலர் வருகிறார்கள். குகைக் காற்று அந்த ஊரின் வருட சராசரி வெப்பத்தில்தான் நிற்கும். போரா சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிரும். பெலூம் ராயலசீமா சமவெளி. உள்ளே ஈரப்பதமும் சேர்ந்துகொண்டு சட்டை பிழிகிற மாதிரி வேர்க்கும். காற்றுக்காக ஆங்காங்கே குழாய் இறக்கியிருக்கிறார்கள், அந்த இடங்களில் நின்று நின்று போகலாம்.

உங்கள் மாமியாருக்கு அகோபிலம்தான் முக்கியம் என்றால் அது பெலூம் பக்கம். இதையும் கணக்கில் சேருங்கள். விசாகப்பட்டினத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

விசாகை_மீரா:

குவாரிக்காரர் ஐயா, நீங்களே போராவுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு அகோபிலத்தைக் காட்டி இழுக்கிறீர்களே! ஆனால் ஒன்று நானும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் எங்களுக்குப் புயல் மாதம். 2014-ல் ஹுட்ஹுட் அக்டோபர் 12-ந் தேதிதான் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. நல்ல மழை பிடித்தால் மலை ரயில் பாதையில் மண் சரிந்து ரயில் நிற்பதும் உண்டு. வானம் தெளிவாக இருந்தால் அந்த மலைப் பச்சை வேறு எந்த மாதத்திலும் வராது.

மடிப்பாக்கம்_பாலாஜி:

பெலூம் பற்றி ஒரு எச்சரிக்கை. எனக்கு லிஃப்டில் ஏறினாலே ஒரு மாதிரி இருக்கும். பெலூமில் வாசல் வரை எதுவும் தெரியவில்லை. வயல்வெளி நடுவில் கிணறு மாதிரி ஒரு பள்ளம், அதில் படி. இறங்கியதும் நல்ல விசாலம்தான். போகப் போகச் சந்து குறுகியது, சில இடத்தில் குனிந்துதான் போக வேண்டும். முன்னாலும் பின்னாலும் ஆட்கள், எல்லோர் மூச்சும் சேர்ந்து புழுக்கம். பாதாளகங்கை என்ற ஆழமான இடத்துக்கு இறங்கும் படிக்கு முன்னாலேயே எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, மனைவியையும் பிள்ளையையும் போகச் சொல்லிவிட்டு ஒரு காற்றுக் குழாய்க்குக் கீழேயே நின்றுவிட்டேன். அதுவும் விடுமுறை நாள், பிற்பகல், சரியான கூட்டம். மூச்சு வாங்கும் மாமியாரை அதற்குள் அழைத்துப் போகலாமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என் பையன் என்னவோ இன்று வரை அதைத்தான் பேசுகிறான்.

அம்பத்தூர்_சுதா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கடப்பா கல் விஷயம் கேட்டதும் மகன் எழுந்து போய் எலுமிச்சம்பழம் எடுத்துவந்துவிட்டான். இப்போது எங்கள் அலமாரித் தட்டில் ஒரு வெள்ளை வட்டம் இருக்கிறது.

அவனிடம் நீங்கள் சொன்னபடி கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு "நடந்து போறதுதான்" என்றான். விஸ்டாடோம் பெட்டி காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. மாமியார் "அகோபிலம் வழியில வருதாமே" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். ஆக, பெலூம் என்று ஏறக்குறைய முடிவு. மீரா, மன்னிக்கவும், டிசம்பரில் உங்கள் பக்கம் வரப் பார்க்கிறோம்.

குவாரிக்காரர் சார், இன்னும் சில கேள்விகள். மாமியாரை என்ன செய்வது? மகளை அழைத்துப் போகலாமா? எந்த வழியாகப் போனால் அகோபிலமும் பெலூமும் வரும்? மகன் ஒரு கேள்வி கேட்கச் சொன்னான்: எங்கள் தொட்டிக்குக் கீழே தொங்குவது நிஜமான கல்விழுதா, அது குகையில் இருப்பதைவிட வேகமாக வளருமா?

அரியலூர்_குவாரிக்காரன்:

முதலில் தம்பியின் கேள்வி, அதுதான் நல்ல கேள்வி. தொட்டிக்கு அடியில் தொங்குவதும் கால்சியம் கார்பனேட்தான், குகையில் தொங்குவதும் அதுதான். வந்த வழிதான் வேறு. குகையில் தண்ணீர் கார்பன் டை ஆக்ஸைடோடு வந்து, கல்லைக் கரைத்து, பிறகு அந்த வாயுவை வெளியே விட்டுச் சுண்ணாம்பைப் படிய விடுகிறது. கான்கிரீட்டில் தலைகீழ். சிமெண்டுக்குள் இருக்கும் சுண்ணாம்பைத் தண்ணீர் கழுவிக்கொண்டு வருகிறது, அது வெளிக்காற்றிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துக்கொண்டு கல்லாகிறது. இந்த வழியில் சுண்ணாம்பு நிறையக் கரைந்து வருவதால் அது மளமளவென்று வளரும். குகையில் ஒரு விரல் நீளத்துக்கு எத்தனையோ தலைமுறை ஆகும். அதனால் தம்பி, உன் தொட்டி விழுது நிஜம்தான். ஆனால் தொட்டி ஒழுகுகிறது என்று அர்த்தம், அப்பாவிடம் சொல்லி அடைக்கச் சொல். அது வளர வளர உள்ளே கம்பி துருப்பிடிக்கும்.

வழி. சென்னையிலிருந்து ரேணிகுண்டா, கடப்பா, மைதுக்கூர், அல்லகட்டா. அங்கிருந்து பிரிந்து அகோபிலம். முதல் ராத்திரி அங்கே. திருமங்கையாழ்வார் சிங்கவேழ்குன்றம் என்று பாடிய தலம். கீழ் அகோபிலம் சமதளம், அம்மாவுக்குக் கஷ்டமே இல்லை. மேல் அகோபிலத்துக்கும் கார் போகும், அங்கே நரசிம்மர் இருப்பதே ஒரு குகைக்குள். சுண்ணாம்புக் குகை இல்லை, ஆனால் குகை குகைதான். அம்மாவுக்கு அது போதும். நவ நரசிம்மரையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் காட்டு ஏற்றம், ஓடையைத் தாண்ட வேண்டும், அதற்கு விடாதீர்கள்.

மறுநாள் விடியலில் கிளம்பி கோயிலகுண்ட்லா வழியாக கொலிமிகுண்ட்லா. அதுதான் பெலூமின் மண்டலத் தலைமையிடம். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். குகை 10 மணிக்குத் திறக்கும். அந்த நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். பாலாஜி சொன்ன மூச்சு முட்டல் பிற்பகல் கூட்டத்தால் வருவது. முதல் ஆட்களாக இறங்கினால் அந்தப் பிரச்சினையில் பாதி போய்விடும்.

மாமியார் அம்மாவைப் படியில் இறக்கி முதல் கூடம் வரை அழைத்துப் போங்கள். கூரை இடிந்து விழுந்த பள்ளத்தின் வழியாக வெயில் உள்ளே விழும், உயரமான இடம், அங்கே புழுக்கமும் தெரியாது. சிம்மத்துவாரம் வரை அவர் வந்தால் வரட்டும், சிங்கத்தலை மாதிரி இயற்கையாக அமைந்த வளைவு. அதற்கு மேல் வேண்டாம். மருமகளோ மகனோ ஒருவர் அவரோடு திரும்பிவிடுங்கள், இன்னொருவர் பிள்ளைகளோடு போங்கள். சர்க்கரை இருந்தால் தண்ணீரோடு மிட்டாயும் பையில் இருக்கட்டும். தன்னால் முடியும் என்று அவர் சொன்னாலும் பாதாளகங்கைக்குக் கூப்பிடாதீர்கள். குகையின் ஆழமான இடம் அது, 46 மீட்டர். இறங்குவது சுலபம், அந்தப் புழுக்கத்தில் ஏறி வருவதற்கு நானே நின்று நின்றுதான் வருவேன். அங்கே ஒரு சிறு ஓடை வந்து பாறைக்குள் காணாமல் போகும். அது பெலூம் ஊர்க் கிணற்றுக்குப் போகிறது என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை.

5 வயதுப் பிள்ளை தாராளமாகப் போகலாம், பெரியவர்கள் குனிகிற இடத்தில் அவள் நிமிர்ந்தே ஓடுவாள். தோளில் தூக்கிக்கொண்டு மட்டும் போகாதீர்கள், தலை இடிக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ. விளக்கு எல்லா இடத்திலும் உண்டு, இருந்தாலும் மின்சாரம் போனால் ஒரு நிமிஷம் கும்மிருட்டு. ஆளுக்கொரு டார்ச் கையில் இருக்கட்டும்.

சப்தஸ்வரால குஹா என்று ஒரு இடம். தொங்கும் கல்லைத் தட்டினால் வெண்கல ஓசை வரும் என்று சொல்லித் தட்டிக் காட்டுவார்கள். எனக்குப் பிடிக்காத ஒன்று இது. விரல் நீளம் வளர எத்தனை காலம் என்று மேலே சொன்னேன். வருகிறவர் எல்லாம் ஆளுக்கொரு தட்டு தட்டினால் என்ன மிஞ்சும்? நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள், தம்பியைத் தட்ட விடாதீர்கள். வெடி வைத்தவன் சொல்கிறேன் என்று சிரித்தாலும் சரி.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு சேதி. இந்தக் குகையை 1884-ல் எழுத்தில் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ல் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தாரே, அவரேதான். அதே காலத்தில் அவரும் அவர் மகனும் பேதம்செர்லா பக்கம் பில்லா சுர்கம் குகைகளைத் தோண்டி விலங்கு எலும்புப் படிமங்கள் எடுத்தார்கள். அதற்குப் பிறகு பெலூமை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1982, 83-ல் டேனியல் கெபவர் என்ற ஜெர்மன்காரர் குழுவோடு வந்து அளந்தார். 1988 வரை ஊர்க் குப்பை கொட்டுகிற பள்ளமாகத்தான் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆந்திர சுற்றுலாக் கழகம் சுத்தம் செய்து, பாதை போட்டு, 2002-ல் திறந்துவிட்டது. பௌத்த, சமணத் துறவிகள் தங்கிய தடயமும் உண்டு. அதனால்தான் வெளியே அந்தப் பெரிய வெள்ளைப் புத்தர்.

குகை முடிந்ததும் பிற்பகல் யாகந்தி போகலாம், பங்கனப்பள்ளிக்குப் பக்கம். அகத்தியர் சம்பந்தப்பட்ட கதை உள்ள சிவன் கோயில், வளரும் நந்தி, ஓயாமல் தண்ணீர் வரும் புஷ்கரணி. அங்கே அகத்தியர் குகைக்குப் படி செங்குத்து. அம்மா கீழேயே இருக்கட்டும். மாம்பழம் எதிர்பார்த்துப் போகாதீர்கள், அக்டோபரில் பங்கனப்பள்ளியிலேயே பங்கனப்பள்ளி கிடைக்காது. அல்லது யாகந்தியை விட்டுவிட்டு நேராகக் கண்டிக்கோட்டா, பெலூமிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். எனக்குக் கேட்டால் இதுதான். பெண்ணாறு சிவப்புப் பாறையை அறுத்துக்கொண்டு போகிற இடம். அந்தப் பாறை குவார்ட்சைட், புளிப்புக்குக் கரையாது. அதனால் அங்கே ஆறு குகை குடையவில்லை, மேலிருந்து கீழே வெட்டியிருக்கிறது. காலையில் குகை, சாயங்காலம் பள்ளத்தாக்கு என்று ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால் தம்பிக்கு ஒரு வருடப் பாடம் முடிந்தது. விளிம்பில் தடுப்பு கிடையாது, மகளின் கையை விடாதீர்கள்.

அம்பத்தூர்_சுதா:

சார், யாகந்தி வேண்டாம், கண்டிக்கோட்டா என்று வீட்டுக்காரர் முடிவே செய்துவிட்டார். மாமியாரோடு முதல் கூடத்திலிருந்து திரும்பப் போவது நான். எனக்கும் லிஃப்ட் விஷயத்தில் பாலாஜி கட்சிதான். கடைசியாக ஒன்று: பெலூமில் சாப்பாடு?

அரியலூர்_குவாரிக்காரன்:

வாசலில் சுற்றுலாக் கழக ஓட்டல் உண்டு, ஆனால் விடுமுறை நாளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அகோபிலத்தில் கிளம்பும்போதே இட்லியோ புளியோதரையோ கட்டிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டை ஜம்மலமடுகில் வைத்துக்கொண்டால் கண்டிக்கோட்டாவுக்கு வழியில்தான். ராயலசீமா சமையல், காரம் தூக்கலாக இருக்கும், மகளுக்குத் தயிர்சாதம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கண்டிக்கோட்டாவில் தங்க அறைகள் குறைவு, ஆயுத பூஜைக்கு நிறைந்துவிடும். அதை இன்றைக்கே போட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் ஜம்மலமடுகிலோ புரொத்தட்டூரிலோ தங்கிவிட்டு, விடியலில் கோட்டைக்கு வந்து பார்த்துவிட்டு கடப்பா வழியாக வீட்டுக்குத் திரும்பலாம்.